அண்ணாச்சிக்கு வண்டி சொல்லிவிடும்

எங்கள் குடும்பத்தில் முதல் கார் வந்த நாளிலிருந்து அதில் எனக்கு ஒரே இடம்தான்: பின் சீட்டில் நடு. இரண்டு ஜன்னல்களும் தம்பதிகளுக்கோ குழந்தைகளுக்கோ உரியவை. நடுவில் உட்காருகிறவளுக்குக் கால் வைக்கத் தரை கிடையாது; அங்கே வண்டியின் அடிப்பாகம் மேடாக எழும்பியிருக்கும். மேட்டின் மேலேயே காலை வைத்தால் முழங்கால் மோவாயைத் தொடும். அகட்டி வைத்தால் இரண்டு பக்கத்தாரையும் இடிக்கும். மடியில் புளியோதரைத் தூக்கு வேறு. நான் மெலிந்தவள், கல்யாணம் ஆகாதவள், "கொஞ்சம் நடுவில உட்கார்ந்துக்கோயேன்" என்றால் சரி என்பவள். அண்ணன் வண்டியில் குருவாயூர் போனதற்கும், தம்பி வண்டியில் சுசீந்திரம் போனதற்கும் என் நாட்குறிப்பில் தேதியும் நட்சத்திரமும் இருக்கின்றன. வழியில் பார்த்தது என்று எழுத எதுவும் இல்லை. முன்னால் இருந்த இரண்டு தலைகளுக்கு இடையே தெரிந்த ஒரு துண்டு ரோடு, அவ்வளவுதான்.

கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அதற்கு முன்பே சொந்தமாக ஒரு சின்ன வண்டி வாங்கி ஓட்டத் தொடங்கியிருந்தேன். அம்மா காலமான பிறகு கோட்டைக்குள் இருக்கும் அக்கிரகார வீட்டில் நான் மட்டும். அண்ணன் பெங்களூரில். தம்பி கடல் கடந்து. இருவரும் பண்டிகைகளுக்குத் தவறாமல் பேசுவார்கள்.

ஜூன் மாதம், இடவப்பாதி மழை தொடங்கிய வாரத்தில் ஒரு நாள் காலை கிணற்றடியில் பாசி வழுக்கி விழுந்தேன். இடது முழங்கால். வலி எப்படி இருந்தது என்பது இப்போது மறந்துவிட்டது. மறக்காதது வேறு. நான் விழுந்தது ஒருவருக்கும் தெரியாது. கூப்பிட்டேன், அடுத்த வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றதும் மறுபடி கூப்பிட்டேன், மழை பிடித்துக்கொண்டது. பூக்காரி வந்து வாசலில் குரல் கொடுத்து, பதில் வராமல், கொல்லைப்புறம் சுற்றி வந்து பார்க்கும்வரை அப்படியே கிடந்தேன். படுத்த இடத்திலிருந்து கிணற்றின் ராட்டினம் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு, நான் வெளியே போவதும் வருவதும் இருப்பதும் இந்த ஊரில் யாருடைய கணக்கிலும் இல்லை என்று நினைத்தது நினைவிருக்கிறது.

அறுவை சிகிச்சை முடிந்து நடக்கத் தொடங்கியபின் டாக்டர், வண்டி ஓட்டலாம், ஆனால் இடது காலால் கிளட்சை மிதிக்கக் கூடாது என்றார். சின்ன வண்டி போக வேண்டியதாயிற்று. என் வண்டியைப் பார்த்துவந்த பட்டறைக்காரர்தான் தகவல் சொன்னார். தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பவர் அவர்.

"மாமி, ஆரியசாலையில ஒரு ஆட்டோமேட்டிக் கெடப்புண்டு. பழசு, பக்ஷே நல்ல வண்டி. ஒரு கொழப்பம் மாத்ரம், ரொம்ப வலுது."

"வலுதுன்னா, எவ்வளவு பெரிசு?"

"நம்ம தெருவில திரிக்கான் பற்றில்ல."

நாற்பது வயதிலிருந்தே ஊரில் எல்லோருக்கும் நான் மாமி. மாமா இல்லாத மாமி. அக்கிரகாரத்துப் பெண் என்றால் இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்; திருத்தப் போனால் பேச்சு நீளும் என்று விட்டுவிட்டேன்.

ஆரியசாலையில் அந்த வண்டி ஒரு மொத்த வியாபாரக் கிடங்குக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் நின்றது. வெள்ளி நிறம். நீளம் என்றால் அப்படி ஒரு நீளம். இப்போது அந்த மாதிரி வண்டிகளை யாரும் தேடுவதில்லை. எல்லோரும் உயரமான வண்டிகளுக்குப் போய்விட்டார்கள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வேட்டியும் தடித்த கண்ணாடியுமாக உரிமையாளர் உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன்னால் வந்த குடும்பம். மல்லியும் மிளகாய் வற்றலும் மொத்த வியாபாரம். மனைவி இல்லை. மகன் கோயம்புத்தூரில். கடையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, கிடங்கின் மாடியில் ஒரு சமையல்காரரோடு இருந்தார். ஆரியசாலைக் கடைத்தெருவில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

கண்ணில் அழுத்தம் கூடி, நேர் எதிரே இருப்பது மட்டும் தெரிகிறது, இரண்டு ஓரமும் போய்விட்டது என்று அவரே சொன்னார். "குழல் வழியா பார்க்க மாதிரி. போன்ல எழுத்து வாசிக்கலாம். சைடுல சைக்கிள் வந்தா தெரியாது. மகன் சாவிய வாங்கி வச்சுட்டான்." பிறகு என்னைக் குழல் வழியாகப் பார்த்து, "யாரெல்லாம் ஏறப் போறீங்க?" என்று கேட்டார்.

"நான்தான்."

"பின்னே?"

"பின்னே யாரும் இல்லை."

"ஒத்தைக்கு எதுக்கு மாமி இந்தத் தேரு?"

"கால் நீட்டறதுக்கு."

அவர் சிரிக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டார். "அப்ப பின்னால ஏறி இருந்து பாருங்க. சுகம் அங்கதான்."

ஏறினேன். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தவள் என்னையறியாமல் நகர்ந்து நடுவுக்கு வந்துவிட்டேன். தரை சமமாக இருந்தது. மேடு என்று சொல்ல ஒரு விரற்கடைகூட இல்லை. புதிய முழங்காலை நீட்டினேன், நீண்டது, முன் சீட்டைத் தொடவில்லை. வண்டிக்குள் மல்லி வாசனை. பல வருஷம் கிடங்கை ஒட்டி நின்றதால் சீட்டுத் துணியிலேயே ஊறிப்போயிருந்தது.

"நடுவில எதுக்கு இருக்கீங்க?"

"பழக்கம் அண்ணாச்சி."

கீழே இறங்கி என் வழக்கப்படி விசாரித்தேன். டயர்களில் அச்சிட்டிருந்த தயாரிப்பு வாரம், பேட்டரி மாற்றிய மாதம், இன்ஷூரன்ஸ் முடிகிற தேதி, புகைச் சான்று, கடைசி சர்வீஸ். ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டேன். அவர் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில், "பொண்ணு பாக்க வந்த மாதிரில்லா இருக்கு. ஜாதகம் ஒண்ணுதான் பாக்கி" என்றார்.

"பொண்ணு பார்த்துப் பழக்கமில்லை. என்னை வந்து பார்த்திருக்கா."

"பின்னே என்னாச்சு?"

"காப்பி நன்னாருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டா."

இப்போதுதான் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

இவ்வளவு விசாரித்தவள் ஒன்றை விட்டுவிட்டேன். முன் கண்ணாடியின் உள்பக்கம், முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடிக்குப் பின்னால், ஓர் அட்டை ஒட்டியிருந்தது. கண்ணில் படாமல் இல்லை. ஏதோ ஸ்டிக்கர் என்று நினைத்தேன். என் சின்ன வண்டி ஒரு தடவைகூடச் சுங்கச் சாவடிப் பக்கம் போனதில்லை. திருவல்லத்தில் சாவடி வந்ததிலிருந்து நான் கோவளத்துக்குப் பாச்சல்லூர் வழியாகத்தான் போவேன். பாஸ்டாக் என்ற சொல்லைப் பேப்பரில் படித்திருந்தேன். அது இப்படி இருக்கும் என்று பார்த்ததில்லை.

பேசி முடித்தது கர்க்கடக மாதம். ஆடியும் அதுதான், இரண்டு பஞ்சாங்கமும் சேர்ந்து வேண்டாம் என்கிற மாதம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. "சிங்கம் பொறக்கட்டும் மாமி. இத்தன வருசம் எங்கூட நின்ன வண்டி, கள்ளக் கர்க்கடகத்துல எறங்கிப் போவாண்டாம்." சிங்கம் முதல் தேதி, ஆவணி பிறந்த அன்று, வண்டியை எடுத்தேன். நேரே பழவங்காடிக்குப் போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். போனில் சொன்னதும் அண்ணாச்சி, "பிள்ளையாருக்கு இந்த வண்டியத் தெரியும். ஆளு மாறினதச் சொல்லிட்டேளா?" என்றார். அக்கிரகாரத்துப் பேச்சைக் கிண்டல் பண்ணுவதற்காகவே 'ட்டேளா'.

பெயர் மாற்றம் எல்லாம் முறைப்படி நடந்தது. பட்டறைக்காரர் சொன்னதும் நடந்தது. தெருவில் திருப்ப முடியாமல் கோயில் முனைவரை போய்த் திருப்பி வந்தேன். என் வீட்டு வாசலில் நிறுத்தினால் பின்பக்கம் அடுத்த வீட்டு வாசலில் நின்றது. அடுத்த வீட்டு மாமா திண்டில் கையூன்றிப் பார்த்தார்.

"வால் எங்காத்து வாசல்ல நிக்கறதே. கோலம் எங்க போடறது?"

"வாலைச் சுத்திப் போடச் சொல்லுங்கோ."

"நீ ஒருத்தி. இத்தனை பெரிய வண்டி. யாராவது வராளா என்ன?"

இல்லை என்றேன். மாமா உள்ளே போய்விட்டார்.

முதல் சனிக்கிழமை காலை நீள ஓட்டமாகப் பார்க்கலாம் என்று மணக்காடு வழியாகப் பைபாஸ் ஏறினேன். திருவல்லம் பாலம் தாண்டிச் சாவடி வந்தது. சில்லறையைக் கையில் எடுத்து வைத்திருந்தேன். எடுத்த கை எடுத்தபடி இருக்க, தடுப்புக் கழி தானாக மேலே போயிற்று. சாவடிப் பெண் என்னைப் பார்க்கக்கூட இல்லை. உள்ளூர்க்காரர்களுக்கு ஏதோ விலக்கு கேட்டுப் போராட்டம் நடந்ததைப் படித்திருந்தேன். கொடுத்துவிட்டார்கள்போல என்று எண்ணிக்கொண்டு போனேன்.

கோவளம் ஜங்ஷனுக்கு முன்னால் போன் அடித்தது. ஓர் இளநீர்க் கடை அருகே ஓரம் கட்டி எடுத்தேன். அண்ணாச்சி.

"என்ன மாமி, கோவளமாக்கும்?"

நான் வெளியே எட்டிப் பார்த்தேன். இளநீர்க் கடையில் யாரும் இல்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம வண்டில்லா. அது எங்கிட்டச் சொல்லிரும்."

கொஞ்சநேரம் என்னைத் திகைக்கவிட்டுப் பிறகு விளக்கினார். கண்ணாடியில் ஒட்டியிருப்பதுதான் பாஸ்டாக். அது இன்னும் அவர் பெயரில், அவர் பாங்குக் கணக்கில் இருக்கிறது. வண்டி சாவடியைத் தாண்டினால் பணம் அதில் பிடிக்கப்பட்டு, எந்தச் சாவடி, எந்த வண்டி என்று அவர் போனுக்குச் செய்தி வந்துவிடும்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. டயர் செய்த வாரத்தைக் கேட்டவள் இதைக் கேட்கவில்லையே. திங்கட்கிழமையே மாற்றிவிடுகிறேன் என்றேன்.

"கெடக்கட்டும். அதுல கொஞ்சம் கெடக்கு, தீரட்டு. பின்னே, வண்டி எப்படி? வளைவுல சாய மாதிரி இருக்கா?"

"இல்லை."

"கடல் தெரியுதா?"

"இங்கேர்ந்து தெரியாது. அந்தப் பக்கம் மேட்டுக்குப் போனா துறைமுகத்துக் கிரேன் தெரியும்."

"நான் அதப் பாத்ததில்ல. கண்ணு போன பெறகுதான் வந்துது. எப்படி இருக்கு?"

மேட்டுக்குப் போய்ப் பார்த்து அடுத்த தடவை சொல்கிறேன் என்றேன். வீடு வந்து சேர்ந்ததும் கூப்பிட்டுத் தெரிவிக்கலாம் என்று நினைத்தேன். அவசியமில்லாமல் போயிற்று. திரும்பும்போது சாவடியைத் தாண்டிய சற்று நேரத்தில் பைக்குள் போன் ஒரு தடவை அடித்து நின்றது. எடுத்துப் பார்த்தால் அண்ணாச்சியின் மிஸ்டு கால். வண்டி ஊருக்குள் வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அதை எனக்குத் தெரிவிக்கிறார். அன்றைக்கு நாட்குறிப்பில் நான் எழுதிய வரி இது: 'சனி. சதயம். கோவளம் போய் வந்தேன். வந்தது தெரியும்.'

திங்கட்கிழமை நான் பாங்குக்குப் போகவில்லை. அடுத்த சனிக்கிழமையும் கோவளம் போனேன். அதே இளநீர்க் கடையில் நிறுத்திக் காத்திருந்தேன். போன் வந்தது. "என்ன மாமி, இன்னைக்கு லேட்டு." அதற்கடுத்த வாரம், அந்தச் செலவை எப்படிக் கொடுப்பது என்று கேட்டேன். "கல்லாவுல கொண்டு போடுங்க" என்றார். கல்லாவே இப்போது அவருடையது இல்லை. நான் எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டுக் கொடுத்தனுப்பினேன். உப்பு கூடுதல் என்று சொல்லி இன்னொரு பாட்டில் கேட்டார்.

கன்னி மாதம் வந்தபோது சனிக்கிழமை போதாமல் போயிற்று. நவராத்திரிக்கு எங்கள் தெருவே கோயிலும் கச்சேரியுமாக நிறைந்திருந்த ஒரு புதன்கிழமை காலை, கோவளத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லாமல், வண்டியை எடுத்தேன். பாச்சல்லூர் வழி அப்படியே இருந்தது, சுங்கம் கிடையாது, மரநிழல் உண்டு. திரும்பும் முனையில் வண்டியின் வேகத்தைக் குறைத்தேன்கூட. பிறகு நேரே சாவடிக்குப் போனேன். கழி மேலே எழுவதைப் பார்த்ததும் மனசுக்குள் ஒன்று இறங்கி உட்கார்ந்தது. இந்த நிமிஷம் ஆரியசாலை மாடியில் ஒரு போன் மினுங்கும். ஒருவர் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து வாசிப்பார். நான் இருக்கும் இடம் ஒருவருக்குத் தெரியும்.

நிறையப் படித்தவள் நான். தனிமையைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியதை அட்டை போட்டு, எண் ஒட்டி, அலமாரியில் அடுக்கியவள். ஒரு சுங்கச் சாவடிக் கழியைப் பற்றி யாரும் எழுதியிருந்ததாக நினைவில்லை.

அண்ணாச்சியின் பேச்சில் பெரிதாக எதுவும் இருக்காது. முட்டக்காடு பக்கம் அவருக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது, விற்றுவிட்டார். மனைவிக்குப் பின் சீட்டில் படுத்துக்கொண்டு போவதுதான் பிடிக்கும்; திருச்செந்தூர்வரை தூங்கிக்கொண்டே வருவாராம். "அவளுக்காக வாங்கின வண்டி. முழுத் தூரமும் தூங்குவா. எதுக்குடி வாரன்னு கேப்பேன். 'நீங்க ஓட்டுறது தெரியும்லா, அதான் தூக்கம் வருது'ன்னா." நான் கிரேன்களைப் பற்றிச் சொல்வேன். எத்தனை நிற்கிறது, எது தலை நிமிர்ந்திருக்கிறது, கப்பல் வந்திருக்கிறதா என்று. மழை நாளில் எதுவும் தெரியவில்லை என்பதையும் சொல்வேன்.

"நீங்களே ஒரு நாள் வந்து பாருங்களேன்" என்று ஒருமுறை சொன்னேன்.

வந்தார். விருச்சிகத்தில், வெயில் நன்றாக அடித்த ஒரு காலை. பின் சீட்டில் சுகமாக உட்காரச் சொன்னேன். மறுத்துவிட்டு என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கிழக்கே கோட்டை தாண்டுவதற்குள்ளேயே அவர் வலது கால் இல்லாத பிரேக்கை மிதிக்கத் தொடங்கிவிட்டது.

"அண்ணாச்சி, அங்கே ஒண்ணும் இல்லை."

"தெரியும். நீங்க சவுட்டல, அதனால நான் சவுட்டுறேன்."

"வண்டியை நான்தான் ஓட்டறேன்."

"ஓட்டுங்க, ஓட்டுங்க. ஆட்டோக்காரன் ஒருத்தன் வாரான், அவனையும் கொஞ்சம் பாத்துக்கிடுங்க."

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சத்தம்."

சாவடி வந்தது. கழி எழுந்தது. நாங்கள் தாண்டிய கொஞ்ச நேரத்தில் அவர் சட்டைப் பையில் போன் கிணுங்கியது. எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். வழக்கமாக நான் நிறுத்தும் இளநீர்க் கடையில் வண்டி தானாக நின்றது போல நின்றது. அண்ணாச்சி போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இப்ப நான் யாரக் கூப்பிட?"

சிரித்தோம். இளநீர் குடித்தோம். மேட்டுக்குப் போய்க் கிரேன்கள் இருக்கும் திசைக்கு நேரே அவர் தலையைத் திருப்பிவிட வேண்டியிருந்தது. வெகுநேரம் பார்த்தார். "நீங்க சொன்ன மாதிரிதான் இருக்கு" என்றார். திரும்பும் வழியில் தூங்கிவிட்டார். கிடங்கு வாசலில் எழுப்பியபோது, பிரேக்கை மிதிக்கவில்லையே என்று கேட்டேன். அவர் கதவுப் பிடியைத் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.

தனு மாதம் மகன் வந்தான். அப்பாவைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போவதாக முடிவாகியிருந்தது. கிடங்கு மாடியையும் காலி செய்துகொடுத்தாயிற்று. போனில் அண்ணாச்சி இதைச் சொன்னபோது நான் இளநீர்க் கடையில் இருந்தேன். "அங்க ஆசுபத்திரி பக்கம்னு சொல்லுதான்" என்றார். நல்லதுதான் என்றேன். வேறென்ன சொல்வது. டாக்சி வேண்டாம், தம்பானூர் ரயில் நிலையத்துக்கு நானே கொண்டு விடுகிறேன் என்றேன்.

அன்று பெட்டி, படுக்கை, ஊறுகாய் பாட்டில்கள் எல்லாம் டிக்கிக்குள் போய், இன்னும் இடம் இருந்தது. மகன் பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து போன் பார்த்தான். நல்ல பையன், சுறுசுறுப்பு. அண்ணாச்சி முன்னால். வலது கால் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

"ஆன்ட்டி, ஒண்ணு சொல்லணும்" என்றான் மகன். "இந்த வண்டி டேக் அப்பா பேர்லயே கெடக்குது. நேத்துதான் பாங்க் வெஷயமெல்லாம் நோக்கும்போ கண்டேன். க்ளோஸ் பண்ணிட்டேன். ஆன்ட்டி புதுசு எடுத்துக்கணும், கேட்டோ. இல்லன்னா டபுளா பிடிப்பான்."

"சரி" என்றேன்.

"அப்பா இத்ர நாளா ஆன்ட்டிகிட்ட சொல்லவே இல்லையா?"

அண்ணாச்சி நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மறந்து போச்சுடே" என்றார்.

"நானும் கவனிக்கலை" என்றேன்.

தம்பானூரில் சாமான் இறக்கினோம். போர்ட்டர் கூட்டத்துக்குள் மகன் முன்னால் போனான். அண்ணாச்சி வண்டியின் மேல் கையை வைத்தபடி ஒரு நிமிஷம் நின்றார். "அடச்சுப் போட்டுராதீங்க மாமி. ஓடணும்" என்றார். வண்டியைச் சொன்னார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மகரம் பிறந்த வாரம் பாங்கில் புதிய டேக் வாங்கினேன். கவுண்டரில் இருந்த பெண் போன் நம்பர் கேட்டாள். ஒரு கணம் தயங்கினேன். என் நம்பரைச் சொன்னேன். பழைய அட்டையைச் சுரண்டி எடுக்க வெகுநேரம் பிடித்தது. கண்ணாடியில் அதன் அளவுக்கு ஒரு மங்கல் தங்கிவிட்டது. புதியதை அதன் மேலேயே ஒட்டினேன்.

பிறகு நான் பைபாஸ் பக்கம் போகவில்லை. மார்க்கெட்டுக்கும் நூலகத்துக்கும் ஆட்டோவே வசதி. வண்டி வாசலில் நின்றது. அடுத்த வீட்டு மாமி அதன் வாலைச் சுற்றிக் கோலம் போடப் பழகிவிட்டிருந்தார். வாரத்துக்கு ஒருமுறை பேட்டரிக்காக எஞ்சினை ஓடவிட்டு, பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்து, காலை நீட்டி, பேப்பர் படித்துவிட்டு இறங்குவேன். மல்லி வாசனை லேசாகிக்கொண்டு வந்தது. அண்ணாச்சியை நானே கூப்பிட்டிருக்கலாம். ஒரு தடவை நம்பரை எடுத்தேன்கூட. நான் கூப்பிட்டு நான் எங்கே இருக்கிறேன் என்று நானே சொல்வது வேறு சமாசாரம் என்று தோன்றி வைத்துவிட்டேன்.

கும்ப மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது.

"என்ன மாமி, கோவளமாக்கும்?"

ஈரக் கையோடு நின்றேன். அவருக்கு எந்தச் செய்தியும் போயிருக்க வழியில்லை. அந்தப் பக்கம் டிவி சத்தமும், ஒரு குழந்தை எதற்கோ அழுவதும் கேட்டது.

"வண்டி ஒண்ணும் சொல்லல" என்றார் அவர். "சனிக்கெழமையில்லா. நானா நெனச்சுக்கிட்டேன், இப்ப திருவல்லம் தாண்டிருப்பாங்கன்னு. செரிதானா?"

கீரைக்கட்டைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே கிணற்று ராட்டினம்.

"சரியாத்தான் சொன்னீங்க அண்ணாச்சி" என்றேன். "இப்பத்தான் தாண்டினேன். இளநீர்க் கடையில நிக்கறேன்."

"அதான பாத்தேன். கப்பல் வந்திருக்கா?"

"மேட்டுக்குப் போய்ப் பார்க்கணும்."

"பாருங்க. பாத்துட்டுப் போங்க. இங்க எங்க பாத்தாலும் மதிலுதான்." குழந்தையின் அழுகை நெருங்கியது. "வைக்கட்டா மாமி" என்றார்.

கையைத் துடைத்தேன். கீரையை அப்படியே மூடி வைத்தேன். அடுத்த வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. வண்டி ஒரு முனகலோடு கிளம்பியது. கோயில் முனைவரை போய்த் திருப்பி, மணக்காடு வழியாகப் பைபாஸ் ஏறினேன். சாவடியில் கழி மேலே போயிற்று. கொஞ்ச நேரத்தில் பக்கத்து சீட்டில் இருந்த என் பைக்குள் போன் கிணுங்கியது. இளநீர்க் கடையில் நிறுத்தி எடுத்து வாசித்தேன். என் வண்டி திருவல்லம் சாவடியைத் தாண்டியதாக எனக்குச் செய்தி வந்திருந்தது.

மேட்டுக்குப் போனேன். கிரேன்களுக்கு அடியில் ஒரு பெரிய கப்பல் நின்றிருந்தது. அதன் மேல் பெட்டிகள் அடுக்கடுக்காக, நிறம் நிறமாக. அண்ணாச்சி கேட்டால் சொல்வதற்காக நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

திரும்பும்போது சாவடி தாண்டியதும் மறுபடி என் போன் கிணுங்கியது. பாலத்துக்கு முன்னால் ஓரம் கட்டினேன். அண்ணாச்சியின் நம்பரை அழுத்தி, ஒரே ஒரு தடவை அடிக்கவிட்டு, வைத்துவிட்டேன். அவர் அதைப் பார்த்தாரோ, பேரக்குழந்தையின் கையில் போன் இருந்ததோ தெரியாது. ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்தது. பின்னால் முழு சீட்டும் காலியாக, தரை சமமாக, வண்டி சத்தமில்லாமல் ஊருக்குள் வந்தது.